இலையோரத்து மிச்சம்

எங்கள் அப்பாவுக்குச் சாப்பிடத் தெரியாது என்பது எங்கள் வீட்டில் வெகுநாளாக இருந்துவந்த அபிப்பிராயம். அதைச் சொன்னவள் அம்மா. கேட்டு நம்பியவள் நான். பவானிபூரில் ஒரு வங்காளி வீட்டு மாடியில் நாங்கள் மூன்று பேரும் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் குமாஸ்தா வேலை. டிராம் போய்விடுமே என்ற பரபரப்பில் உட்கார்ந்து, நாலு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். எழுந்த பிறகு பார்த்தால் இலையில் ஏதாவது ஒன்று கிடக்கும். ஒரு கரண்டி கறி, பாதி அப்பளம், கொஞ்சம் மோர்சாதம். பட்டோல் வறுத்த நாளாக இருந்தால் இரண்டு துண்டு பட்டோல் நிச்சயம் இலையோரமாக ஒதுங்கியிருக்கும். பட்டோல் என்பது அந்தப் பக்கத்தில் விளைகிற காய், நம் கோவைக்காய்க்கு அண்ணன் என்று சொல்லலாம்.

"இப்படி வச்சுட்டு எழுந்துண்டா உடம்புல என்ன ஒட்டும்?" என்று அம்மா என்னிடம் குறைப்பட்டுக்கொள்வாள். குறைப்பட்டுக்கொண்டே அந்த இலையிலேயே உட்கார்ந்து தனக்குப் பரிமாறிக்கொள்வாள். புருஷன் சாப்பிட்ட இலையில் பெண்டாட்டி சாப்பிடுவது அன்றைய வழக்கம். அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. அவள் தனக்கென்று போட்டுக்கொள்வது சாதமும் குழம்பும்தான். வாணலியில் இருந்த வறுவலெல்லாம் அதற்குள் அப்பாவுக்கும் எனக்கும் போயிருக்கும். இலையோரத்துப் பட்டோலைக் கடைசி வாய்க்கு வைத்துக்கொண்டு, கண்ணை மூடி மென்று தின்பாள். அவளுக்குப் பட்டோல் என்றால் உயிர். அப்பாவுக்குப் பிடிக்காது, அம்மாவுக்குப் பிடிக்கும், ஆக ஒன்றும் வீணாகப் போகவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் என் எதிரில் அதிகம் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

எனக்கு ஏழோ எட்டோ வயதாயிருக்கும்போது ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் அம்மா போய்விட்டாள். அதைப் பற்றி எழுத எனக்கு இன்றைக்கும் கை வரவில்லை. வராததை வற்புறுத்திப் பிரயோஜனமும் இல்லை.

எங்களைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவுக்கு அக்கா, சின்ன வயதிலேயே தாலியை இழந்தவள். ஹவுரா ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியதும் அப்பாவை ஏற இறங்கப் பார்த்து, "எலும்பா நிக்கறயேடா" என்று அழுதாள். அன்றைக்கே கரண்டியைக் கையில் எடுத்தவள்தான். அவள் ஒரு வேளைச் சாப்பாட்டுக்காரி. பிறத்தியார் வயிறாரத் தின்பதைப் பார்த்துத் தானும் பசியாறினாள் என்று இப்போது தோன்றுகிறது.

அவள் எண்ணம் வீண்போகவில்லை. அப்பா சாப்பிட ஆரம்பித்தார். இலையில் ஒரு பருக்கை மிஞ்சுவதில்லை. குழம்பு சாதம் இரண்டு தரம், ரசம் சாதம் இரண்டு தரம், மோர்சாதம் கேட்கவே வேண்டாம். பட்டோலும் போயிற்று, அப்பளமும் போயிற்று. "தம்பி இப்பத்தான் ஒழுங்கா சாப்பிடறான்" என்று அத்தைக்குப் பூரிப்பு. அவர் முகத்தை நான் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ருசித்துச் சாப்பிடுகிறவர் முகம் அது இல்லை. தூக்கக் கலக்கத்தில் மாடிப்படி ஏறுகிறவர் முகம் அப்படி இருக்கும். இலை காலியானதும் ஒரு கணம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவர் போல் விழிப்பார். பிறகு, "இன்னும் இருக்கா?" என்பார்.

குளிர்காலம் வருவதற்குள் அப்பாவின் ஆபீஸ் கோட்டு அவர்மேல் பூட்டிக்கொள்ள மறுத்தது. மாடிப்படியில் பாதி ஏறியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார்.

அதே படிக்கட்டுக்கு அடியில்தான் நான் கலயங்களைக் கண்டுபிடித்தேன். வங்காளிக் கடைகளில் ரசகுல்லா போட்டுத் தருகிற மண் கலயங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, பழைய சாக்குக்குப் பின்னால். எல்லாம் காலி. எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எனக்கு ஒன்றுகூடக் கொடுக்காமல் வீட்டில் யாரோ ரசகுல்லா தின்கிறார்கள்.

யார் என்பதைக் கீழ்வீட்டு மாஷிமா சொன்னாள். வீட்டுக்காரரின் மனைவி அவள். மாஷிமா என்றால் சித்தி, ஆனால் அவள் எல்லாருக்கும் மாஷிமாதான். அவளுக்குத் தமிழ் தெரியாது, அத்தைக்கு வங்காளி தெரியாது. ஆகையால் இரண்டு பேருக்கும் நடுவில் நான் உட்கார்ந்து, பெரிய மனுஷி தோரணையில் பேச்சை இப்படியும் அப்படியும் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். என்னை அவள் குக்கீ, அதாவது சின்னப் பெண்ணே, என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு மாஷிமா தாழ்ந்த குரலில், "உன் அத்தையிடம் சொல்லு குக்கீ, உன் பாபா ஆபீஸிலிருந்து வந்ததும் படிக்கட்டடியில் நின்று ரசகுல்லா சாப்பிடுகிறார். சாப்பிட்டுக்கொண்டே அழுகிறார்" என்றாள். நான் அத்தை பக்கம் திரும்பி, "அப்பா நமக்குக் குடுக்காம தனியா நின்னுண்டு ரசகுல்லா சாப்பிடறாராம்" என்று சொன்னேன். அழுகிறார் என்பதைச் சொல்லவில்லை. மறைக்க நினைத்ததல்ல. அது புகாரில் சேராத விஷயமாக எனக்குப் பட்டது, அவ்வளவுதான்.

அத்தை பயந்துபோனாள். மாஷிமாவிடம் சொல்லிக் கவிராஜை, அதாவது அந்த ஊர் வைத்தியரை, வரவழைத்தாள். அவர் நாடி பார்த்தார், மூச்சைக் கேட்டார், தலையை ஆட்டினார். சாதம் பாதி, நெய் கிடையாது, இனிப்பைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது, மார்பு தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு அத்தை அப்பாவிடம், "இந்தக் குழந்தைக்கு இருக்கறது நீ ஒருத்தன்டா" என்றாள். எனக்கு ரசகுல்லாக் கோபமெல்லாம் அப்போதே போய்விட்டது. அம்மா போன வழி அப்பாவுக்கும் தெரிந்துவிட்டதோ என்று அவர் வேஷ்டி முனையைப் பிடித்துக்கொண்டேன். இனிமேல் தொடமாட்டேன் என்று அப்பா தலையசைத்தார்.

சொன்ன வார்த்தையைக் காப்பாற்றத்தான் பார்த்தார், பாவம். அத்தை அளந்து போட்டாள். அவரும் மறுபடி கேட்காமல் எழுந்தார். ஆனால் மத்தியானம் ஆபீஸில் என்ன சாப்பிட்டாரோ, சாயங்காலம் வரும்போது வாயில் ஏலக்காய் வாசனை அடிக்கும். அத்தை தேன்குழல் டப்பாவைப் பரண்மேல் ஏற்றினாள். அது பரண்மேலேயே காலியாயிற்று. "நான்தான் அக்கா" என்று ஒருநாள் அவரே சொல்லி, குற்றம் செய்த பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அளக்க அளக்க அவர் பசி வளர்ந்தது. அத்தை அதட்டினாள், சத்தியம் வாங்கினாள், ஓய்ந்துபோனாள். எங்கள் வீட்டில் எல்லாரும் அப்போது களைத்துப்போயிருந்தோம். சாப்பாட்டு நேரம் வந்தாலே, பிடிக்காத விருந்தாளி வாசலில் வந்து நிற்பது போல இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஷிமாவோடு கங்கா ஸ்நானத்துக்குப் புறப்பட்டாள் அத்தை. விடியற்காலையிலேயே எங்கள் இரண்டு பேருக்கும் அளவாகச் சமைத்து மூடி வைத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டுக் காதோடு சொன்னாள்.

"அப்பாவுக்கு ஒரு தரம் போடு. மறுபடியும் கேட்டா ஆயிடுத்துன்னு சொல்லிடு. தெரியறதா?"

தெரிகிறது என்றேன். எனக்கு உள்ளூரப் பெருமைதான். அப்பாவை அதட்டுகிற அதிகாரம் எந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும்?

அதிகாரம் ரசம் வரைக்கும்கூட நிற்கவில்லை. அப்பா முதல் சாதத்தை முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "இன்னும் இருக்கா குழந்தே?" என்றார். வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டார். ஒரு பெரிய மனிதர் என்னிடம் அப்படிக் கேட்டதை என்னால் தாங்க முடியவில்லை. போட்டேன். மறுபடி கேட்டார், போட்டேன். வாணலியில் இருந்த பட்டோல் வறுவலும் போயிற்று. கல்சட்டியில் மோரும் போயிற்று. அதெல்லாம் என் பங்கு என்பது அவருக்கு உறைக்கவில்லை. அடி தட்டிய வெண்கலப் பானையைப் பார்த்தபோதுதான் எனக்கும் உறைத்தது. நல்ல பசி. அழுகை வந்தது. அழுதால் அவர் வருத்தப்படுவார் என்று அழவுமில்லை.

பாத்திரத்தில் ஒன்றும் இல்லாத நாளில் அம்மா என்ன செய்வாள் என்று யோசித்தேன். அது எனக்குத் தெரிந்ததுதானே? அப்பாவின் இலைக்கு எதிரே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"என்ன?" என்றார்.

"நீங்க எழுந்திருங்கோப்பா. நான் உட்காரணும்."

"எதுக்கு?"

"நான் இன்னும் சாப்பிடலை. பானையில ஆயிடுத்து. உங்க எலையில இருக்கே" என்றேன்.

இலையில் ஒரு பிடி மோர்சாதமும் ஒரே ஒரு துண்டு பட்டோலும் இருந்தன. அந்தத் துண்டை அவர் முதலிலிருந்தே தொடாமல் கடைசிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். இப்போது அதை எடுக்கத்தான் கை போய்க்கொண்டிருந்தது. கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். மறுபடியும் இலையைப் பார்த்தார். கையை மெள்ளப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, அந்தத் துண்டை ஒரு விரலால் இலையோரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

கை அலம்பிவிட்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் அந்த இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பட்டோலை அம்மா மாதிரியே கடைசி வாய்க்கு வைத்துக்கொண்டேன். அதை வாய்க்குக் கொண்டுபோகும்போது ஒரு சத்தம் கேட்டது. அப்பா அழுதுகொண்டிருந்தார். தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதார். அம்மா போன அன்றைக்கும் அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. ஆசையாக வைத்திருந்ததை நான் பிடுங்கிக்கொண்டேன் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"பாதி வேணுமாப்பா?" என்று கேட்டேன்.

வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு எழுந்து உள்ளே போய், அத்தை ஒளித்து வைத்திருந்த அவலைத் தேடி எடுத்து, ஊறவைத்து வெல்லம் போட்டு எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். தான் ஒரு வாய்கூட எடுத்துக்கொள்ளவில்லை. நான் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அத்தை கங்கைச் செம்போடு திரும்பி வந்ததும், "நாளைலேர்ந்து ரெண்டு எலையா போடு அக்கா, அவளும் என்னோட உட்காரட்டும்" என்றார்.

"பொம்மனாட்டிக் குழந்தை ஆம்பளையோட உட்காரறதாவது?" என்று முணுமுணுத்தாள் அத்தை. முணுமுணுத்துக்கொண்டே மறுநாள் இரண்டு இலை போட்டாள்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது கதை. பண்டிகை நாட்களிலும், அம்மாவின் திதியை ஒட்டியும் படிக்கட்டடியில் மறுபடி கலயம் கண்ணில் படும். அத்தை பார்த்தும் பாராதது போல் இருக்கக் கற்றுக்கொண்டாள். அளந்து போடுவதையும் விட்டுவிட்டாள். நாளடைவில் கலயங்கள் கட்டுப் பிரிக்காமலே மாடிக்கு வர ஆரம்பித்தன. கயிற்றை அவிழ்க்கிற வேலை எனக்கு. நான் மெதுவாகச் சாப்பிடுகிறவள். அப்பாவும் எனக்காக மெதுவாகச் சாப்பிட்டார். கோட்டின் பித்தான்கள் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன.

ஒன்று மட்டும் எனக்கு வேடிக்கையாக இருந்தது. எனக்குத்தான் தனி இலை இருந்ததே, வறுவலும் நிறையத்தானே போட்டாள் அத்தை? ஆனாலும் அப்பா எழுந்திருக்கும்போது அவர் இலையோரத்தில் ஒரு துண்டு பட்டோல் கிடக்கும். "இப்படி வீணாக்கறானே" என்று அத்தை அதைக் கொண்டுபோய்த் தெருவில் வரும் மாட்டுக்குப் போடுவாள். நான் அத்தைக்குச் சமாதானம் சொல்வேன். அப்பாவுக்குப் பட்டோல் எப்போதுமே பிடிக்காது, நடுவில் கொஞ்ச நாள் உடம்பு சரியில்லாததால்தான் தின்றார் என்று.

என் புக்ககம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹவுராவில். போன முதல் நாள் என் புருஷன் சாப்பிட்டு எழுந்ததும் மாமியார், "அவன் எலையிலேயே உட்காரும்மா" என்றாள். உட்கார்ந்தேன். இலை துடைத்து வைத்தது போல் இருந்தது. அவர் நல்ல மனிதர், என்னை ஒருநாளும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. பசித்தது, சாப்பிட்டார், எழுந்தார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் கண் தானாக இலையோரத்துக்குப் போய் அங்கே எதையோ தேடிற்று. மாமியார் சாதத்தோடு வந்து நின்றதைக்கூட நான் கவனிக்கவில்லை. அப்பாவுக்குப் பட்டோல் எவ்வளவு பிடிக்கும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.