பதினோராம் மைல்கல் கருஞ்சிட்டு

திங்கட்கிழமை காலை 6-40க்கு மீமிசல் பஸ் அறந்தாங்கியை விட்டது. இருபது மைல், கட்டணம் எட்டணா. யுத்த காலத்தில் பெட்ரோல் ஏது? பின்புறம் பொருத்திய உலையில் கரி எரித்து ஓடும் வண்டி. ஐந்தாம் மைலில் நோட்டில் எழுதினேன்: “முட்புதர், பொட்டல். பார்க்க ஒன்றுமில்லை.”

8-15. பதினோராம் மைல்கல். கரி ஏற்ற வண்டி நின்றது. கரி சுடும் பேச்சியிடம் இரண்டே மூட்டைகள் இருந்தன; மீமிசல் போய்ச் சேரத்தான் போதும். விறகை அடுக்கி மண் பூசிய மூட்டம் ஒன்று பக்கத்தில் தயாராக நின்றது. கணவனுக்குக் காய்ச்சல் என்று பல நாள் கொளுத்தாமல் விட்டதில், அதன் புகைத் துளைக்குள் கருஞ்சிட்டு குஞ்சு பொரித்துவிட்டது.

“இன்னைக்குக் கொளுத்துனாத்தான் வெள்ளிக்கெழம திரும்பி வரக் கரி. இல்லாட்டி வண்டி கெடயாது. அடுத்த மாசம் வேற ஆளப் பாத்துருவேன்,” என்றார் டிரைவர் சுப்பையா.

“தாய் இப்பத்தாண்ணே கறையானோட உள்ள போச்சு. எப்பிடி நெருப்பு வைக்க?”

எட்டிப் பார்த்தேன். மூன்று குஞ்சுகள், இறகு முளைத்தவை. மைல்கல்லின்மேல் ஆண் சிட்டு, வாலைத் தூக்கி அடியில் செம்மை தெரியப் பாடிக்கொண்டிருந்தது.

“வியாழனுக்குள் பறந்துவிடும்,” என்று உறுதியாகச் சொன்னேன்.

“அது பறக்கும். வெள்ளிக்கெழம சந்தைக்கு என் கருவாடு பறக்குமா?” என்றாள் பின்பெஞ்சிலிருந்த மீமிசல் கருவாட்டு வியாபாரி ராக்காயி.

“நான் சுமக்கிறேன், அம்மா.”

வண்டியே சிரித்தது. சுப்பையாவும் சிரித்துவிட்டார். “சார் தலய குடுத்துட்டாரு. பேச்சி, வெள்ளிக்கெழமயே கொளுத்து.”

வெள்ளிக்கிழமை விடியற்காலை 4-00. மீமிசலிலிருந்து நடை. ராக்காயி தலையில் ஒரு கூடை, என் தலையில் ஒரு கூடை.

“இந்த வாடையோட போனா வீட்டுல சேத்துக்குவாகளா சார்?” என்று வழியெல்லாம் கேட்டாள்.

7-50. மூட்டத்தின் அருகே பேச்சி, கையில் கொள்ளியோடு நின்றாள். என் கணக்கில் ஒரு குஞ்சு பிசகிவிட்டது. இரண்டு போய்விட்டன, மூன்றாவது துளை வாயிலேயே உட்கார்ந்திருந்தது. சந்தைக்கு நேரமாகிறதே என்று ராக்காயியைப் பார்த்தேன். அவளோ கூடையை இறக்கிவிட்டாள்.

“எறக்கி வைங்க. இம்புட்டுத் தூரம் சுமந்தது எதுக்கு?”

8-20க்குக் குஞ்சு தத்திப் பறந்து உடைமரத்தில் ஒட்டிக்கொண்டது. பேச்சி துளைக்குள் கைவிட்டுத் துழாவிப் பார்த்து, பிறகு கொள்ளியை வைத்தாள்.

மீதிப் பதினொரு மைலில் முப்பத்து நான்கு கருஞ்சிட்டுகளை எண்ணினேன். திங்கட்கிழமை வரியை நோட்டில் அடித்துவிட்டேன்.

புதுக்கோட்டையில் என் புத்தக அலமாரிமேல் ஊர்க்குருவி கட்டும் கூட்டை, சனிக்கிழமைதோறும் துடைப்பத்தால் தள்ளுவது என் வழக்கம். மறுநாள் சனிக்கிழமை. அலமாரியின் கீழே, குருவியின் குப்பை விழப் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு, புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.