அடுப்பில் காய்ந்த கட்டுரை

நேற்றைய மழையில் நனைந்துவிட்ட ஒன்பதாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளைத் திருத்த எடுத்ததும், ஈரத்தாளின் வாடை மூக்கில் ஏறி, பாளையங்கோட்டை வீட்டில் இருந்த என்னை மாஞ்சோலை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது. அங்கே ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வரும், கரும்பலகை மறையும், காலில் ஏறிய அட்டையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே வாய்ப்பாடு சொல்லுவோம். எந்த நோட்டும் தானாகக் காயாது என்பதால், தேயிலை கிள்ளிக் கறுத்த விரல்களால் அம்மா தினமும் என் நோட்டை அடுப்புக்கு மேலே பிடித்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டிக் காயவைப்பாள்.

அப்படிக் காய்ந்த ஒரு தாளில்தான் 'மலையைக் காட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்' என்று எழுதிப் பரிசு வாங்கினேன். படிக்கத் தெரியாத அம்மா அதை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளில் வீடு வீடாகப் போய்ப் பெருமையடித்தாள். அந்தப் படிப்புதான் என்னை மலையிலிருந்து கீழே இறக்கி டீச்சராக்கியது.

பல வருடம் கழித்து எஸ்டேட்டை மூடினார்கள். மலை வனத்துறை கைக்கு, காட்டுக்கே போனது. லைன் வீட்டைக் காலிசெய்து, அம்மாவை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு சாமான்களோடு வேனில் மலையிறங்கும்போது அவள் கேட்டாள்: "ஏட்டி, நீ அன்னைக்கு வாசிச்ச மாரியே ஆயிட்டுல்லா?" குரலில் கோபமே இல்லை. அவள் மடியிலிருந்த மூட்டையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

இந்த நோட்டுகளின் தலைப்பு நீடித்த வளர்ச்சி. பாடம் நடத்தியவள் நான். முதல் நோட்டிலேயே, மலையைப் பற்றிய என் பழைய வரி. சிவப்புப் பேனாவை மூடுகிறேன், திறக்கிறேன், மறுபடி மூடுகிறேன். அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்க்கிறாள்.

"நோட்டெல்லாம் நனைஞ்சிட்டாக்கும்? கொண்டா ஏட்டி, அடுப்புக்கு மேல பிடிச்சுத் தாரேன்."