எஸ்தர் அக்கா வெள்ளையடித்த சுவர்

சென்ற சனிக்கிழமை கேம்ப் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். நிறுத்தத்தில் பக்கத்து வீட்டுக் கமலா அக்கா நின்றிருந்தார். எனக்காகத்தான் நிற்கிறார் என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. "எஸ்தர் போயிட்டாம்மா. மத்தியானம், தையல் மெஷின் முன்னால உட்கார்ந்தபடியே" என்றார்.

சேலையூரில் நம்மில் பாதிப்பேருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவர் எஸ்தர் அக்கா. தேர்தல் வந்தால் தம் கட்சிக்காக வீடு வீடாக ஏறி இறங்குவார். கமலா அக்காவின் மதிலில் எப்போதும் எஸ்தர் அக்காவின் கட்சிச் சின்னம்தான், கேட்கக்கூட வேண்டாம்.

அந்தக் கட்சி ஆட்சியை இழந்த வருடம் எங்கள் தெருவும் அதைக் கைவிட்டது. கமலா அக்காவும் ஓட்டை மாற்றித்தான் போட்டிருந்தார். அவர் வாய் திறந்து சொல்லவில்லை. எஸ்தர் அக்கா தெருக்குழாய்க்கு வரும் நேரத்தில் அவர் வராமலிருந்ததே சொல்லிவிட்டது.

கட்சிக்காரர்கள் எஸ்தர் அக்கா வீட்டு வாசலில் கூடினார்கள். "நன்றி கெட்ட ஜனங்க. குழாய் ரிப்பேர்னு வரட்டும், பார்த்துக்கறேன்" என்றார் ஒருவர்.

"ஓட்டு அவங்களோடது சார். கொஞ்ச நாள் நம்மகிட்ட இருந்தது, அவ்வளவுதான்" என்றார் அக்கா. "முதல்ல அவங்க சுவத்துல நாம கிறுக்கினதை அழிப்போம். யாரு வர்றீங்க?"

யாரும் வரவில்லை. மறுநாள் சுண்ணாம்பு வாளியோடு தனியாகக் கிளம்பினார். வெயில் ஏறும் நேரத்தில் கமலா அக்கா வீட்டு மதிலுக்கு வந்தார். நான் எங்கள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். சின்னம் பாதி மறைந்தபோது கமலா அக்கா மோருடன் வெளியே வந்தார்.

"நான் உனக்குப் போடலைடி. தெரியுமா?"

"தெரியும். மோரை அங்க வை, கையெல்லாம் சுண்ணாம்பு."

"அரிசிக்கு கியூவில நின்னு காலு வீங்கி உங்கிட்ட வந்து சொன்னேன். நீ என்ன சொன்னே? மழையில்ல, தானியக் கப்பல் வரல, அதிகாரிங்க சரியில்ல... எல்லாம் சொன்னே. காலு எப்படி இருக்குன்னு கேட்டியா?"

பதில் சொல்வதில் எஸ்தர் அக்காவை யாரும் மிஞ்சியதில்லை. அன்று சுவரின் மேல் அவர் கை அப்படியே நின்றது. பிறகு, "இப்ப எப்படி இருக்கு, காலு?" என்றார்.

"இப்ப கேளு, ஓட்டெல்லாம் போன பிறகு!" கமலா அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

அதன் பிறகு கட்சிக் கூட்டங்களில் எஸ்தர் அக்கா ஒன்றைத்தான் கேட்பார்: "அவங்க சொல்லும்போது நாம என்ன பேசிக்கிட்டிருந்தோம்?" பலருக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த தேர்தலிலும் கட்சி தோற்றது. "இந்தத் தடவையும் உனக்கில்லடி" என்று கமலா அக்கா சொன்னபோது, "சுவரையாவது குடுத்தியே, மகராசி" என்றார்.

என்னைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்கும் பதில் நாக்கு நுனியில் வந்து நிற்கும். அப்போதெல்லாம் பாதியில் நின்ற அந்தக் கையை நினைத்துக்கொள்கிறேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான்.

அடக்கம் முடிந்து திரும்புகையில் கமலா அக்கா என் கையைப் பிடித்தார். "உங்க கோயில்ல வருஷா வருஷம் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பீங்களாமே, எப்போ?"

கல்லறைத் திருநாளுக்கு, நவம்பரில் என்றேன்.

"எஸ்தரோடதை நான் அடிக்கறேன்னு சொல்லிடு."