கல்லுக்குள் குடியிருந்தவன்

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். கதவு மூடுகிற சத்தத்தைக் கேட்டே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதனால் கம்பெனியில் அவருக்குப் பாம்புக்காது என்று பெயர் வைத்துவிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்.

ஒரு நாள் பெரிய ஹோட்டல் ஒன்றில் வேலை. உதிரி பாகம் வந்து சேரும்வரை வரவேற்பறையில் சும்மா நின்றவர், அங்கிருந்த கண்ணாடித் தொட்டியின் முன்னால் சிலையாகிப் போனார். உள்ளே கடல் தண்ணீர். பூப்போல விரிந்து சுருங்கும் பவளங்கள். நடுவே ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மீன்கள், வாடகை பாக்கியில்லாத குடித்தனக்காரர்கள் போல நிம்மதியாக உலாத்திக்கொண்டிருந்தன. பாகம் வந்தது, லிஃப்டும் ஓடியது. இவர்தான் கருவிப் பையை அங்கேயே விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தார்.

“நம்ம வீட்லயும் சின்னதா ஒரு கடல் வெச்சா என்ன?” என்று மனைவியிடம் மெல்ல ஆரம்பித்தார். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். எதையும் ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள்.

“தாராளமா வைங்க. ஆனா உங்க கடல் சம்பளத்துக்குள்ளயும் அடங்கணும், சோபாவுக்கு எதிர்லயும் அடங்கணும்.”

அடக்கிக் காட்டினார். வீடு மாறிப் போன ஒருவர் பழைய தொட்டியைக் கொடுத்தார். ஒரு பக்கம் முழுக்கக் கீறல், அதைச் சுவர்ப்பக்கம் திருப்பியாயிற்று. காயலான் கடைக்குப் போகவிருந்த இரும்புச் சட்டங்களை வெல்டிங் செய்து தாங்கி ஆக்கினார். துணி துவைக்கும் டப்பில் தண்ணீர் ஊற்றி, இதற்கென்றே விற்கும் கடல் உப்பைக் கலக்கி, தோள்பட்டை கழன்றுவிடும்போலத் துழாவினார். தொட்டி வைப்பதை விட்டுவிட்ட ஒருவர் தம்மிடமிருந்த பவளப் பாறைகளை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட, ஈரச் செய்தித்தாளில் சுற்றிப் பச்சைக் குழந்தையைப்போல மடியில் வைத்துப் பேருந்தில் கொண்டுவந்தார். அந்தப் பாறைகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் உண்டு, அவைதான் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று மீன் கடைக்காரர் சொல்லியிருந்தார். நுண்ணுயிர்கள் பெருக அழுக்கு வேண்டும். அதற்கு ஒரு பச்சை இறாலைப் போட்டு அழுகவிட வேண்டும்.

“அழுக வைக்கிறதுக்குன்னே இறால் வாங்கற மனுஷனை இப்பத்தான் பார்க்கறேன்” என்றாள் மனைவி, மூக்கைப் பொத்திக்கொண்டு.

ஆனால் நாற்றம் வரவேயில்லை. இறால் இரண்டே நாளில் மாயமாய் மறைந்தது. தண்ணீரைச் சோதித்தால் பளிங்கு. மற்றவர்களுக்கு வாரக்கணக்கில் இழுக்கும் வேலை தமக்குச் சட்டென்று முடிந்துவிட்டது என்று பாம்புக்காதுக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனியில் நாலு பேரிடம் கைராசி பற்றிப் பேசினார்.

வீட்டில் மாமனாரும் இருந்தார். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குடிக்கத் தண்ணீர் கேட்டாலும் மூன்று நடைமேடைக்கும் கேட்கும். பகலெல்லாம் தொட்டிக்கு எதிரேதான் உட்கார்ந்திருப்பார். ஒரு சாயங்காலம் மருமகன் செருப்பைக் கழற்றும்போதே அறிவிப்பு வந்தது.

“கவனிக்கவும் மாப்பிள்ளை. உங்க கல்லு ஓட்டையில இருந்து ஒருத்தன் எட்டிப் பார்க்கறான்.”

“அப்பா, கண்ணு ஆபரேஷன் பண்ணி இன்னும் ஒரு மாசம்கூட ஆகல. அப்படித்தான் ஏதாவது நிழலாடும்” என்று மகள் முடித்துவிட்டாள்.

அந்த வாரம்தான் ‘டக்’ ஆரம்பித்தது. யாரோ கண்ணாடியை நாணயத்தால் தட்டுவதுபோல ஒரு சத்தம். பாம்புக்காது தலையைச் சாய்த்துக் கேட்டார். ஃபிரிட்ஜ்தான் என்று அதைப் பிரித்துப் போட்டார். இல்லை. மின்விசிறி என்று அதை இறக்கினார். இல்லை. தொட்டியின் மோட்டாரை நிறுத்தினார். ‘டக்’. மாடிக்குப் போய், “உங்க வீட்ல கோலி விளையாடறீங்களா?” என்று கேட்டு, வயசான தம்பதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். ஊர் லிஃப்டுக்கெல்லாம் நாடி பார்க்கிறவர் சொந்த வீட்டுச் சத்தத்துக்கு இடம் தெரியாமல் முழித்தார்.

“சத்தம் போடறதும் அவன்தான்” என்றார் மாமனார்.

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாசியைத் தின்பதற்காக அரை டஜன் நத்தைகள் வாங்கி விட்டார்கள். ஒவ்வொன்றாக ஓடு உடைந்து வெறும் கூடாகக் கிடந்தன. “செத்ததைத் தலையில கட்டிட்டான் கடைக்காரன்” என்று மனைவி பொருமினாள். அப்பாவின் தொந்தரவு தாங்காமல் தன் கடையிலிருந்து அவருக்குப் புதுக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்தாள். அதை மாட்டிக்கொண்டு தொட்டியைப் பார்த்தவர் எழுந்தே நின்றுவிட்டார்.

“இப்பத் தெளிவா தெரியுது. பச்சை உடம்பு. ரெண்டு கண்ணும் குச்சி மேல இருக்கு. ஒண்ணு என்னைப் பார்க்குது, இன்னொண்ணு டிவி பார்க்குது.”

மகளுக்குச் சுருக்கென்றது. தான் பார்த்துப் பொருத்திய கண்ணாடி அது. அதில் கோளாறு என்று அவளே எப்படிச் சொல்வாள்? தொட்டி முன்னால் குத்துக்காலிட்டாள். பாறையின் ஓட்டையிலிருந்து விரல் நீளத்தில் ஒன்று வெளியே வந்தது. மிச்சமிருந்த கடைசி நத்தையை ஓரமாக உருட்டியது. ‘டக்’. ஓடு தெறித்தது.

“என்னங்க! அப்பா சொன்னது நிஜம்தான்!”

பாம்புக்காது முகத்தில் ஈயாடவில்லை. அழுக வைத்த இறாலின் கதியும் அப்போதுதான் விளங்கியது. கைராசியாவது ஒன்றாவது. குடியிருந்தவன் சாப்பிட்டிருக்கிறான்.

தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்துத் தலைகீழாகச் செருகி, உள்ளே இறால் துண்டு வைத்துப் பொறி செய்தார். ஆசாமி மறுநாளே அகப்பட்டான். பாட்டிலோடு கடைக்குக் கொண்டுபோனதும் கடைக்காரர் இரண்டடி பின்வாங்கினார்.

“சார், இது குத்துவிடற இறால். பாறைக்குள்ள ஒளிஞ்சு வந்திருக்கும், முன்னங்காலால குத்தியே நத்தை ஓட்டை உடைச்சிடும். இது இருக்கிற தொட்டில மீன் விட்டீங்கன்னா மீனுக்குப் பால்தான் ஊத்தணும். இங்க விட்டுட்டுப் போங்க, நான் யாருக்காவது கொடுத்துடறேன்.”

விட்டுவிட்டு வந்தார். வீட்டில் மாமனார் சோபாவைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் தலையாட்டல் மட்டும். வீடு ரயில் ஓடாத நிலையம்போல இருந்தது. இரண்டு நாள் பொறுத்தார் பாம்புக்காது. ஹோட்டலில் பார்த்த ஆரஞ்சு மீன்கள் ஒரு பக்கம் இழுத்தன. ‘டக்’ இல்லாத கூடம் மறுபக்கம் இழுத்தது. அந்தச் சத்தம் நின்றபிறகு தமக்கே தூக்கம் பிடிக்கவில்லை என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மனைவிதான் வழி சொன்னாள். “மீன் வேணாம். அதுக்கு வேற தீனி, வேற செலவு. பவளம் வைங்க. அதை இவன் தின்னமாட்டான்ல? போய்க் கூட்டிட்டு வாங்க.”

கூட்டிவந்தார். மாமனார் சோபாவைத் திருப்பிப் போட்டார்.

சம்பள நாளன்று முதல் பவளத்துண்டு வந்தது. கட்டைவிரலளவு, ஊதா நிறம். பாம்புக்காது தூர நின்று, கிட்ட நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, உச்சிப் பாறையில் பசை வைத்து ஒட்டினார். காலையில் அது பெயர்த்து எடுக்கப்பட்டு, கீழே ஓட்டையின் வாசலில் செருகியிருந்தது. எடுத்து மேலே ஒட்டினார். மறுபடி கீழே. மூன்றாம் முறை அவர் பசைக் குழாயைத் தேடியபோது மனைவி பிடுங்கிக்கொண்டாள்.

“விடுங்களேன். அவன் வீட்டு வாசலை அவன் அலங்காரம் பண்ணிக்கறான்.”

விட்டுவிட்டார். பவளம் அங்கேயே வேர்பிடித்தாற்போல ஒட்டிக்கொண்டது. அந்தச் சனிக்கிழமை மதியம் முதல்முறையாக விரிந்தது. மூன்று பேரும் சாப்பாட்டுத் தட்டோடு தரையில் உட்கார்ந்து, சோறு ஆறிப்போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.