பழைய விலாசத்துக்கு ஒரு நகல்

ஊசியக்கா என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். விடிந்ததும் விடியாததுமாகக் காரில் வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களிடம் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து லேபில் சேர்ப்பது அவள் வேலை. குத்தியதே தெரியவில்லை என்பார்கள். அந்தக் கைதான், இந்த மாநிலத்துக்கு வந்ததிலிருந்து வாசல் மணி அடித்தால் நடுங்கியது.

காரணம் புருஷன். நாலு பேர் முன்னால் சிரிக்கச் சிரிக்கப் பேசுவான், கதவைச் சாத்தினால் அடிப்பான். அவளுடைய வலது மணிக்கட்டை முறித்த மகராசன். ஒருமுறை அக்கா வீட்டுக்கு ஓடினாள். மறுநாளே அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். "கெளம்பலாமா?" என்று மட்டும் கேட்டான். அடுத்த முறை அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. தன் பேரில் இருந்த காரை எடுத்துக்கொண்டு மாநிலம் தாண்டி, நர்சிங் படித்த காலத்து ரூம்மேட் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அப்படியொருத்தி இருப்பதே அவனுக்குத் தெரியாது.

இங்கேயும் அதே வேலை கிடைத்தது. சிக்கலை லேப் மேனேஜர்தான் ஆரம்பித்து வைத்தார்.

"வேற மாநிலத்து லைசென்ஸ நம்ம லேப்ல ஒரு மாசம்தான் ஒத்துக்குவாங்கம்மா. அதையும் இன்சூரன்ஸையும் இந்த விலாசத்துக்கு மாத்திடுங்க. இல்லேன்னா உங்கள வண்டியில அனுப்ப முடியாது."

இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்த பெண் சுறுசுறுப்பானவள். கேட்டுக்கொண்டே புது விலாசத்தைத் தட்டி முடித்துவிட்டாள்.

"வண்டி உங்க பேர்ல, பாலிசி சார் பேர்ல. சரிதானே மேடம்? விலாசத்த மாத்தினதும் சாருக்கு ஒரு நகல் தானா போயிடும். நீங்க அலையவே வேணாம்."

திரையில் தெரு, வீட்டு எண், மாடி எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அந்தப் பெண்ணின் விரல் கடைசிப் பொத்தானுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அமுக்காதீங்க!"

ஆபீசே திரும்பிப் பார்த்தது.

"அழிச்சிடுங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அழிச்சிடுங்க."

அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்தாள், கோணலாகக் கூடியிருந்த மணிக்கட்டைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் அழித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க பேர்ல புது பாலிசி போடலாம் மேடம். ஆனா இத்தன வருஷம் விபத்தில்லாம ஓட்டினதுக்குத் தள்ளுபடி வேணும்னா பழைய பாலிசியில இருந்து மாத்தணும். மாத்தினா சாருக்குத் தெரிஞ்சிடும்."

"தள்ளுபடி வேணாம்."

லைசென்ஸ் ஆபீசிலும் அதே பாட்டுதான். மாற்றிக் கொடுத்தால் பழைய விலாசத்துக்கு ஒரு நகல் போகுமாம். போகாமலிருக்க ஒரே வழி, பழையதைக் கணக்கில் காட்டாமல், புதிதாகக் கற்றுக்கொள்பவளாக விண்ணப்பிப்பது. பத்தொன்பது வருஷம் ஓட்டியவள் காரில் 'எல்' போர்டை ஒட்டிக்கொண்டாள்.

பழகுநர் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும் என்பது சட்டம். உட்கார்ந்தவள் ரூம்மேட். ரிவர்ஸ் எடுத்து அவள் இடிக்காத சுவர் அந்தத் தெருவில் இல்லை.

"க்ளட்ச்ச மெதுவா விடுடி. நான் சொல்லிக் குடுக்கிற மாதிரி செய்," என்பாள் கெத்தாக.

ஊசியக்காவுக்குச் சிரிப்பு வரும், பாதியில் நின்றுவிடும். இன்சூரன்ஸ் ஆபீசில் அழித்தது உண்மையிலேயே அழிந்ததா? கம்ப்யூட்டர் தானாக எங்காவது சேமித்து வைத்திருந்தால்? அவனுடையதைப் போல வெள்ளைக் கார் எங்கே நின்றாலும் நம்பரைப் படித்தாள். அந்த மாதம் முழுக்க அவள் பயந்தே செத்தாள்.

டெஸ்ட் அன்று பக்கத்தில் ஏறிய அதிகாரி வயதானவர், சிடுமூஞ்சி. வளைவு, மேடு, இரண்டு கார்களுக்கு நடுவில் நிறுத்துவது என்று எல்லாவற்றையும் வெண்ணெயாக ஓட்டிக் காட்டினாள். ஓரங்கட்டி நிறுத்தச் சொன்னார்.

"புதுசா கத்துக்கிட்டீங்களா?"

"ஆமா சார்."

"என்கிட்டயேவா? வருஷக்கணக்கா ஓட்டின கைம்மா இது." பேனாவை எடுத்தார். தொலைந்தது, பழைய ஊருக்குப் போன் போடப்போகிறார் என்று அவளுக்கு உயிரே போய்விட்டது.

"நல்லாத்தான் ஓட்டுறீங்க. ஒரே ஒரு குறை. பின்னாடி பாக்கிற கண்ணாடிய மூச்சுக்கு மூச்சு பாக்குறீங்க. முன்னாடி என்ன வருதுன்னு பாக்க வேணாமா?"

சொல்லி முடிப்பதற்குள் அவள் இன்னொரு முறை கண்ணாடியைப் பார்த்ததை அவர் கவனித்தார். கழுத்தைத் திருப்பி, பின்பக்கக் கண்ணாடி வழியாக ரோட்டை நிதானமாகப் பார்த்தார்.

"யாரும் வரலம்மா," என்றார், கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

அவர் இறங்கியதும் 'ஓ'வென்று அழுதாள். ரூம்மேட் வந்து 'எல்' போர்டைக் கிழித்தாள். ஊசியக்கா வண்டியைக் கிளப்பினாள். முதல் திருப்பம்வரை அவள் முன்னால்தான் பார்த்தாள். அதற்குமேல் முடியவில்லை. கண் தானாகக் கண்ணாடிக்குப் போனது.

பின்னால் ஒரு வெள்ளைக் கார் வந்துகொண்டிருந்தது.

நம்பரைப் படித்தாள். இந்த மாநிலத்து நம்பர்.