கண்ணாடித் தொட்டியில் மூன்று கும்பிடுபூச்சிகள்

மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு அவளுடைய மீன்தொட்டி பரண்மேல் காலியாகக் கிடந்தது. போன கார்த்திகையில் அதை இறக்கிக் கழுவி, கும்பிடுபூச்சி வளர்க்க ஆரம்பித்தேன். நாற்பத்தாறு வயதில், கோவில்பட்டியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற ஒருத்திக்கு இது என்ன ஆசை என்று கேட்கலாம். நாத்தனாரைப் பார்க்க நாகலாபுரம் போயிருந்தபோது, அவர்கள் மிளகாய்ப் புஞ்சையின் வரப்பில் ஒரு எருக்கஞ்செடியில் மூன்று குட்டிகள் இருந்தன. ஒன்று உடம்பை அசைக்காமல் தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தது. எந்தப் பூச்சியும் அதுவரை என்னை அப்படிப் பார்த்ததில்லை. மூன்றையும் மிக்சர் டப்பாவில் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். கூடவே ஒரு பை கரிசல் மண்.

செல்போனில் பார்த்துப் பார்த்துத்தான் தொட்டியைத் தயார் செய்தேன். அடியில் சரளைக்கல், அதன்மேல் அடுப்புக்கரித் துண்டுகள், அதன்மேல் கொசுவலைத் துணி, பிறகு மண். வெறும் கரிசலைப் போட்டால் நனைந்ததும் களியாகிவிடும், காய்ந்ததும் வெடித்துவிடும் என்பதால் மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்தேன். மணிபிளாண்ட் கொடியில் ஒரு துண்டு, கிணற்றுச் சுவரில் முளைத்திருந்த சின்னப் பெரணி, குளியலறைப் பின்சுவரில் சுரண்டிய பாசி. தோலுரிக்கும்போது தலைகீழாகத் தொங்குவதற்கு உடைமரக் குச்சிகள். ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால் குறுக்கே கண்ணாடி வைத்து மூன்று அறைகள். மேலே வலை மூடி, ஒரு சின்ன விளக்கு. அழுகின பழத்தில் மொய்க்கும் பொடி ஈக்களை ஒரு பாட்டிலில் பெருக்கி, அதைத்தான் தீனியாகப் போட்டேன்.

என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்திருக்கிறார். தொட்டியைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "நாமளே வாடகை வீட்டுல இருக்கோம். பூச்சிக்கு மூணு ரூம் வச்ச வீடு கேக்குதோ?" என்றார்.

கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுச் சொந்தக்கார அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மாடியில் விளக்குப் போட்டு ஏதோ செடி வளர்க்கிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் தண்ணீர் மோட்டார் விஷயமாக வந்தவர், தொட்டி முன்னால் குனிந்து வெகுநேரம் நின்றார்.

"இது வேற ஒண்ணும் செடி இல்லையே? போலீசு கீலீசு வந்துரக் கூடாது பாருங்க."

"மணிபிளாண்ட்தான்க்கா."

"அதுக்கு எதுக்கு லைட்டு?" என்று கேட்டார். பூச்சியைக் காட்டியும் அவர் முகம் தெளியவில்லை. அன்றிலிருந்து நான் படியிறங்கும்போதெல்லாம் என் கைப்பையைப் பார்ப்பார்.

மூன்றாவது வாரம் முதல் பூச்சி செத்தது. குச்சியைப் பிடிக்க முடியாமல் கீழே விழுந்து, கால்கள் உதற, வாயில் கறுப்பாக ஒரு சொட்டுக் கக்கியிருந்தது. வயதாகிச் சாகவில்லை, இது விஷம் என்று எனக்குப் பட்டது. முதலில் மண்ணைச் சந்தேகப்பட்டேன். நாத்தனாருக்குப் போன் போட்டு, மருந்தடித்த இடமா என்று கேட்டேன். "நீ அள்ளுனது வரப்புல. அங்கன எவன் மருந்தடிப்பான்?" என்றார், கொஞ்சம் கோபமாகவே. அடுத்து கீழ் வீட்டு அக்கா. மாடிப்படியில் அவர் கரப்பான் மருந்து அடிப்பதுண்டு. ஆனால் மண்ணோ புகையோ என்றால் மூன்றையும்தானே பாதிக்க வேண்டும்?

ஐந்து நாள் கழித்து இரண்டாவதும் அதே மாதிரிச் செத்தது. மூடி லேசாக நகர்ந்திருந்தது. காலையில் நான் அழுத்தி மூடிவிட்டுத்தான் வேலைக்குப் போயிருந்தேன். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருகிறவர் என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான்.

அந்த நினைப்பு வந்த பிறகு அவர் என்ன செய்தாலும் தப்பாகத் தெரிந்தது. கை கழுவப் போனால் ஏன் இப்போது கழுவுகிறார் என்று பார்த்தேன். "இன்னொண்ணு எப்படி இருக்கு?" என்று அவர் அக்கறையாகக் கேட்டதுகூட நடிப்பாகப் பட்டது. மறுநாள் மூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே, மூலையில், ஒரு துண்டுக் கறுப்பு நூலைப் பசை தொட்டு ஒட்டிவிட்டுப் போனேன். சாயங்காலம் நூல் அப்படியே இருந்தது. ஆனால் நான் வைத்தது ஊசிமுனை அளவு பசை. இப்போது அது மிளகு அளவுக்குத் திரண்டிருந்தது.

அடுத்த நாள் தலைவலி என்று சொல்லி மத்தியானமே கிளம்பி வந்தேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. இவர் தொட்டி முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மூடி தரையில் கிடந்தது. கையில் ஒரு தீப்பெட்டி.

"என்ன செய்யுதீங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "ஒண்ணுமில்லட்டி. ஈ."

"ஈயா?"

"இதுக்குத்தான். நீ போடுத பொடி ஈ இதுக்கு எந்த மூலைக்குப் பத்தும்? வளந்துட்டுல்லா. அதான் கடையிலேர்ந்து தெனமும் ரெண்டு மூணு கொண்டாந்து போடுதேன். மொதல்ல பெருசா இருந்த ரெண்டுக்கும் போட்டேன், இதுக்கு நேத்துலேர்ந்துதான், இன்னும் தின்னல."

"கடை ஈ கையில அகப்படுமா?"

"அகப்படும். பஜ்ஜித் தட்டுக்குக் கீழ ஈ மருந்து வச்சிருக்கேம்லா. அதத் தின்னுட்டு மயங்கிக் கெடக்கும். பொறுக்க லேசு..."

பாதியிலேயே நிறுத்திவிட்டார். அவர் தீப்பெட்டியையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நாந்தானா?" என்றார்.

அவர் போட்ட ஈக்கள் பாசிக்குள் கிடந்தன. ஆய்வுக்கூடத்து இடுக்கியால் நான் அவற்றைத் தேடி எடுத்தேன். பூச்சி இன்னும் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி, "நூல் ஒட்டுனது எனக்குத் தெரியும்" என்றார். "மூடியத் தெறந்ததும் கையோட வந்துட்டு. திரும்ப ஒட்டி வச்சேன். பூச்சியப் போயி கொல்லுவேன்னு நெனச்சியாக்கும்?"

"நீங்க சொல்லியிருக்கலாம்லா?"

"எப்படிச் சொல்ல? மொத நாளு அந்தச் சிரிப்பு சிரிச்சுட்டு, ஈ பிடிச்சிட்டு வாரேன்னு சொல்ல வெக்கமா இருந்திச்சு."

மன்னிப்புக் கேட்க வேண்டியது நான்தான். சாப்பாடு போடட்டுமா என்றுதான் கேட்க வந்தது. அவர் சரி என்றார்.

மூன்றாவது பிழைத்துக்கொண்டது. பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி, கருப்பட்டித் தண்ணீர் ஊற்றி, உயிரோடு ஈ பிடிக்க மொட்டைமாடியில் ஒரு பொறி வைத்தார். தையில் அது கடைசித் தோலை உரித்து இறக்கையோடு தொங்கியபோது, கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து பார்த்தார். பங்குனி வெயிலில் அதுவும் அடங்கிவிட்டது. குச்சியில் பிடித்த பிடி விடாமல், அமைதியாக. இது வயதாகிச் செத்த சாவு என்று பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்தது.

ஆனாலும் நான் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"நான் இல்லட்டி" என்றார்.