ஆமைக்குக் காவல்

என் ஒரே மகள் கடற்கரையில் ஆமை முட்டைகளுக்குக் காவல் இருக்கிறாள். நான் மலைமேல் கூக்காலில் காட்டுமாட்டிடமிருந்து பூண்டைக் காக்கிறேன். வீட்டுக்காரர் இறந்தபிறகு இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் அவளுடைய போன்தான்.

மாசியில் ஒரு சாயங்காலம், பிடுங்கிய பூண்டைக் கட்டிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள். நாய் தோண்டிவிடாமல் முட்டைகளை எடுத்துவந்து, வேலி போட்ட மணலில் குழி வெட்டிப் புதைப்பார்களாம். முட்டையின் மேல்பக்கம் கீழே புரண்டுவிடக் கூடாதாம்.

“பூண்டு ஊனுற மாதிரின்னு சொல்லு. தாய் ஆமை எங்க போச்சு?”

“முட்டைய மூடிட்டுக் கடலுக்குப் போயிரும்மா. திரும்பி வந்து பாக்காது.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அது பெத்துப் போட்டுட்டுப் போயிரும், காவலுக்கு எம்புள்ள வேணுமாக்கும்?”

அவள் சிரித்தாள். ஊருக்கு எப்போது வருவாய் என்று கேட்டேன்.

“குஞ்செல்லாம் பொரிச்சு முடியட்டும்மா. மணல்ல விட்டதும் தண்ணியப் பாத்து நேராப் போகும். ஒண்ணுகூடத் திரும்பிப் பாக்காது. அவ்வளவு அழகா இருக்கும். நீ ஒருக்கா வந்து பாக்கணும்.”

“நான் பாத்திருக்கேன்டி,” என்றேன். “ஒன்னய பஸ் ஏத்திவிட்ட அன்னைக்கு.”